மேயரம்மா ஓட்டு சேகரித்த சலவைக்கடை

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, உலக வரலாற்றையே புரட்டிப்போட்ட பயணம் ஒன்றை மேற்கொண்டேன். தூரம் நாற்பத்தொரு மைல்.

காரணம் என் மனைவி வசந்தி. நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் எங்கள் ஊர் கவுன்சில் தேர்தலில் நின்றிருந்தாள். கதவு கதவாகத் தட்டிப் பார்த்தாள். திறந்தவை மூன்று. மற்ற வீடுகளில் வாசல் கேமரா மட்டும் அவளை முறைத்தது. “ஏனுங்க, போதும். திங்கக்கிழமை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றாள்.

மனசு மாறட்டும் என்று கோல்டர்ஸ் மில் ஊருக்கு அழைத்துப் போனேன். அவ்வூரின் முதல் கறுப்பின மேயர் ஒரு பெண்மணி. அதற்கு முன் அவர் வேலை பார்த்த, காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் சலவைக்கடை இன்றும் நடக்கிறது. சுவரெல்லாம் அவர் படங்கள். 9:10க்குக் கிளம்பி 10:05க்குச் சேர்ந்தோம். பார்க்கிங் இலவசம்.

‘துவைப்பவர்களுக்கே இருக்கை’ என்று உள்ளே பலகை. நானா சளைப்பேன்? காரில் கிடந்த என் பட்டு வேட்டியை எடுத்து மெஷினில் போட்டேன். வெந்நீரில்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் ரூபி, மேயரம்மாவுடன் ஒன்றாகத் துணி மடித்தவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்: “அவ ரெண்டு தடவ தேர்தல்ல நின்னு தோத்தா. வெள்ளைக்காரங்க தெருவுல திரைச்சீலை அசையும், கதவு தொறக்காது. மூணாவது தடவ தட்டவே போகல, இங்கயே உக்காந்துட்டா. மெஷின் சுத்துற இருபத்தெட்டு நிமிஷம் யாரு எங்க ஓட முடியும்? துவைக்க வந்தவங்க பெட்ஷீட்டோட மறுமுனையைப் புடிச்சு மடிச்சுக்கிட்டே, ‘உங்க தெருவுல என்ன குறை?’ன்னு கேட்டா. ஜெயிச்சா!”

பதவியேற்றதும் முதல் வேலையாக, இங்கே கேட்ட குறைப்படி மேட்டுத் தெருவுக்குப் பேருந்து விட்டாராம். மேயரான பிறகும் சனிக்கிழமை தவறாமல் தன் அழுக்குமூட்டையோடு வந்து, குறை கேட்டுக்கொண்டே துவைத்தாராம்.

திரும்பிப் பார்த்தால் வசந்தி ஒரு முன்பின் தெரியாத அம்மாளின் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டிருக்கிறாள்!

காரில் ஏறியதும், “ஏனுங்க, நம்மாளுங்க எங்க எந்திரிச்சு ஓட முடியாம உக்காந்திருப்பாங்க?” என்றாள்.

“நீ கிண்டுற உப்புமாத் தட்டுக்கு முன்னாடி.”

“சும்மா இருங்க. ஸ்விம்மிங் கிளாஸ்! குழந்தைங்க தண்ணில, அப்பா அம்மா பெஞ்சுல. நாப்பத்தஞ்சு நிமிஷம்!”

ஆறு வாரம் அந்த பெஞ்சில் அவள் மடிக்காத துண்டு நியூஜெர்சியில் இல்லை. யாருடைய தெருவில் விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் அத்துப்படி. நவம்பரில் ஜெயித்தாள். எவ்வளவு வித்தியாசத்தில் என்று சொன்னால் வழக்கம்போல் அளக்கிறேன் என்பீர்கள்.

பதவியேற்பு விழாவுக்கு அதே வேட்டியைத்தான் கட்டிக்கொண்டு போனேன். வெந்நீரில் சுருங்கி முழங்காலோடு நின்றுவிட்டது. வசந்தி அழைத்து முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த ரூபி சிரித்த சிரிப்பு டெக்சாஸ்வரை கேட்டிருக்கும். சத்தியப்பிரமாணம் எடுக்கும்போது வசந்தியின் குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. இதில் மட்டும் மிகை இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: மெஷினுக்கு ஐந்து டாலர், எல்லாம் குவார்ட்டர் எனும் கால் டாலர் காசாக வேண்டும். பட்டு வேண்டவே வேண்டாம். பெரிய பெட்ஷீட் ஒன்று கட்டாயம் கொண்டு போங்கள். மறுமுனையைப் பிடிக்க யாராவது வருவார்கள்.