கழித்தல் டாக்டருக்கு ஒரு நீச்சல் பாக்கி

மார்ச் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு நீச்சல் மாஸ்டர் அந்த மருத்துவரை முதன்முதலாகக் கண்டார். கண்டார் என்பதைவிட, தண்ணீருக்கு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தார் என்பதே பொருந்தும். நகராட்சிக் குளத்தில் ஒரு தலைமுறைக்கே நீச்சல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற அவருக்கு, ஓராண்டாக உலகமே அக்குளத்தின் அடித்தரையாகிவிட்டிருந்தது. பேச்சுகள் குமிழிகளாக வந்து உடைந்தன. சுவர்கள் மெல்ல அசைந்தன. மகளின் முகம்கூட மிக அருகில் வந்த பிறகே மகளின் முகமாகக் கூடியது.

மகள் அதை மறதி நோய் என்று முடிவுகட்டியிருந்தாள். அடுப்பை அணைக்காமல் விட்டுவிடும் தகப்பனைத் தனியே வைத்துவிட்டு எப்படி வேலைக்குப் போவது? முதியோர் இல்லமொன்றில் கோடை கழிந்ததும் சேர்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். மாஸ்டருக்குத் தம் வீட்டை விட்டுப் போக மனமில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தால் சொற்கள் மிதந்து எங்கோ போய்விட்டன.

மருத்துவர் மருந்துப் பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தார். வருபவர்களின் மாத்திரைகளைக் கூட்டாமல் குறைப்பதே வேலையாக வைத்திருந்ததால், முதியோர் பிரிவில் அவருக்குக் 'கழித்தல் டாக்டர்' என்று பெயர். ஒவ்வோர் அட்டையாக எடுத்து, அந்த மருந்தைப் பற்றிக் கணினியில் தேடி, திரையை நோயாளியின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே படிப்பார். நன்றாகத் தெரிந்த மருந்தானாலும் அப்படித்தான்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "படிச்சதெல்லாம் மறந்து போச்சா டாக்டர்? அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில் உங்களுக்கும் சொல்லி வைக்கட்டுமா?"

"சொல்லி வைங்கம்மா, ஜன்னல் ஓரமா," என்றார் மருத்துவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "போன வருஷம் வயசானவங்களுக்கு ஆகும்னு இருந்த மருந்தை இந்த வருஷம் ஆகாதுன்னு போட்டிருப்பாங்க. ஆழம் தெரியாம காலை விடக்கூடாது இல்லையா?"

அது மாஸ்டர் தம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த வாக்கியம். அது மட்டும் குமிழியாகாமல் முழுதாக அவர் காதில் விழுந்தது.

"நான் தண்ணிக்குள்ள இருக்கேன்," என்றார் அவர்.

"எனக்குத் தண்ணின்னாலே பயம் மாஸ்டர். முழங்கால் ஆழத்துக்கே கண்ணு இருட்டும்."

"என்னைக் கரையேத்துங்க. நீச்சல் சொல்லித் தர்றேன்."

"அப்போ அது உங்க கடன்," என்றார் மருத்துவர்.

பின்பு அவர் மருந்துகளை அவை வீட்டுக்கு வந்த வரிசையில் மேசைமேல் அடுக்கச் சொன்னார். மகள் யோசித்து யோசித்து அடுக்கினாள். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அதன் பிறகு கால் வீங்கியதால், நீரை வெளியேற்ற ஒன்று. அதன் பிறகு சிறுநீர் அடங்காததால், அதை அடக்க ஒன்று. கடைசி மாத்திரையின் பக்கத்தைத் திறந்த மருத்துவர், ஒரு வரியில் விரலை வைத்தார்: முதியவர்களுக்கு மனக்குழப்பம் உண்டாகலாம்.

"முதல்ல இதை நிறுத்துவோம்."

நிறுத்தியபோது மனக்குழப்பம் சற்றுத் தெளிந்தது. ஆனால் மறுவாரமே, பேருந்து இருக்கையில், அத்தனை பேர் நடுவில் மாஸ்டரின் வேட்டி நனைந்தது. சாண் ஏற முழம் சறுக்கிய கதைதான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் தன் துப்பட்டாவை அவர் மடியில் விரித்துவிட்டு, இல்லத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அடுத்த வாரமே கூட்டிட்டு வர்றேன்."

கழித்தல் டாக்டரிடம் அவள் சொன்னது வேறு: "உங்க கணக்கு எங்க மானத்தை வாங்கிருச்சு."

மருத்துவர் மறுக்கவில்லை. மூன்று மருந்துகளின் பக்கங்களையும் மறுபடி திறந்து, முதலிலிருந்து படித்தார். "தப்பான முனையில பிடிச்சுட்டேம்மா. கால் வீக்கமே அந்த முதல் மாத்திரையால வந்திருக்கலாம். வீக்கம் இல்லேன்னா நீர் மாத்திரை எதுக்கு? அது இல்லேன்னா இவ்வளவு அவசரம் எதுக்கு? முதல் மாத்திரையை மாத்திப் பாப்போம். எனக்கு ஒரு மாசம் கொடுங்க."

"ஒரு மாசமா! அதுக்குள்ள நான் பைத்தியமாயிடுவேன்."

"பைத்தியமானா எங்கிட்டயே வாங்க. மாத்திரை தரமாட்டேன்."

மகள் சிரிக்கக் கூடாது என்றிருந்தவள், சிரித்துவிட்டாள். இல்லத்துக்கு அன்று மாலை மறுபடி பேசி, ஒரு மாதம் தள்ளிப்போட்டாள்.

இரத்த அழுத்த மாத்திரை மாறியது. கால் வீக்கம் வற்றியது. இரத்த அழுத்தத்தையும் எடையையும் பார்த்துப் பார்த்து, நீர் மாத்திரை பாதியாகி, பின் நின்றது; அதோடு சிறுநீரின் அவசரமும் அடங்கியது. மாஸ்டர் மேலே வந்துகொண்டிருந்தார், அவசரமில்லாமல், ஒளி இருந்த திசையில். நீரின் பச்சை வெளுத்து வெண்மையாகும் இடத்தில் ஒருநாள் காலை கண் விழித்தார். குழாய் சொட்டுவது குழாய் சொட்டுவதாகவே கேட்டது.

"குழாயை மூடு, தண்ணி வீணாகுது," என்றார்.

அடுக்களையிலிருந்த மகள் கரண்டியோடு வந்து நின்றாள். "அப்பா, என்னை ஏவறீங்களா?"

"பின்ன, இல்லத்துல போயா ஏவுறது?"

அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை. போனது குளத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கடனை நினைவூட்டினார். "வர்ற ஞாயிறு?" என்பார். "இந்த ஞாயிறு தலைக்குக் குளிச்சாச்சு," என்பார் மருத்துவர். மருத்துவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன அன்றும் மாஸ்டர் கேட்டார்.

"இருக்கட்டும் மாஸ்டர். நான் எப்போ வந்து கேட்டாலும் நீங்க திடமா இருக்கணும்ல?"

மருத்துவர் வரவேயில்லை, ஆள் அனுப்பியும் கேட்கவில்லை. மாஸ்டர் இன்றும் குளத்தில் இறங்கியவுடன், ஆழமில்லாத மூலையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் சற்று நேரம் நிற்கிறார். பிறகுதான் நீந்தத் தொடங்குகிறார்.