அவள் எழுதாமல் விட்ட விடை

ஐந்தாம் வகுப்பு இரண்டாம் பருவத் தேர்வின் அறிவியல் விடைத்தாள் அது. நீல மையில் குண்டு குண்டான எழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. எல்லாக் கேள்விக்கும் விடை இருந்தது, ஒன்றைத் தவிர. ‘நிலத்தடி நீர் குறைவதற்கான காரணங்கள் யாவை?’ என்று கேள்வியை மட்டும் எழுதி, அடிக்கோடும் போட்டு, கீழே ஆறு வரிக்கு இடம் விட்டிருந்தாள். விடை தெரியாத பிள்ளை இடம் விடாது, அடுத்த கேள்விக்குத் தாவிவிடும். இடம் விட்டவளோ வகுப்பில் முதலாவதாக வருகிற பெண். நான் சுழியம் போட்டேன். போட்ட பிறகும் தாளை மூட முடியாமல் அந்த வெள்ளை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் நான்தான். அதனால் ஒரு வருடத்தில் ஒரு பிள்ளைக்குள் என்னென்ன போகிறது என்று முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இருந்தது. ஜூன் மாதம் லட்சத்துக்கு எத்தனை சுழியம் என்று விரல் மடக்கிக்கொண்டு வரும். ஜூலையில் திசையும் வரைபடமும். அப்புறம் பின்னம், தசமம், கோணம், விதை முளைப்பது, மண் வகைகள். ஏப்ரலில் போகும்போது அதே பிள்ளை கொய்யா மரத்தின் நிழல் காலையில் எந்தப் பக்கம், மாலையில் எந்தப் பக்கம் என்று தானாகச் சொல்லும். நடுவில் எந்த நாளில் அது நடந்தது என்று யோசித்தால் பிடிபடாது. எந்தப் பாடம் எந்தப் பிள்ளைக்குள் போய் எங்கே முளைக்கும் என்பதை அறிய எனக்குத் தீராத ஆசை உண்டு. ஆனால் ஒரு பாடம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குள் போய் நிற்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அவளுடைய அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். எங்கள் பக்கத்து ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு வடக்கே போகிறவர்கள் அதிகம். போனால் மாதக்கணக்கில் வரமாட்டார்கள். வரைபடப் பாடம் நடந்த ஜூலையில் இந்தியப் படத்தில் ராய்ப்பூரையும் ஜபல்பூரையும் தேடாமலே தொட்டுக் காட்டியவள் அவள் ஒருத்திதான். அப்பா அங்கிருந்துதான் போன் செய்வாராம். அந்த மாதம் முழுவதும் அவளுடைய அப்பா இருக்கிற ஊரில் வகுப்பே சேர்ந்து சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தது. அவளுக்கு அதில் இருந்த பெருமை நடையிலேயே தெரியும்.

நவம்பரில் தண்ணீர்ப் பாடம் வந்தது. ஆழ்துளைக் கிணறுகளை அளவுக்கு மேல் அமைப்பதும் ஒரு காரணம் என்று புத்தகத்தில் ஒரே வரிதான். நான் அத்தோடு விடவில்லை. பேராசை பிடித்தவர்கள் பூமியைச் சல்லடையாகத் துளைக்கிறார்கள் என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்துச் சொன்னேன். அந்த நேரம் பிள்ளைகள் சிலர் திரும்பி அவளைப் பார்த்தார்களாம். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருந்தேன், பார்க்கவில்லை.

விடைத்தாளைக் கொடுத்த அன்று, ஏன் எழுதவில்லை என்று தனியே அழைத்துக் கேட்டேன். அவள் அழவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற அதே குரலில்தான் கேட்டாள்:

“எங்கப்பா பேரை எழுதோணுங்களா டீச்சர்?”

மணி அடித்துவிட்டது, போ என்று அனுப்பிவிட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள் அவளுடைய அப்பா வந்தார். ஒல்லியான மனிதர், வெயிலில் கறுத்த முகம். இரைச்சலிலேயே வேலை பார்த்துப் பழகியதால் சத்தமாகத்தான் பேசுவார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். தலைமையாசிரியரும் அப்படி நினைத்துத்தான் தம் நாற்காலியை என் வகுப்பு வாசலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு, பாப்பா எதையோ எழுதவில்லையாமே, அந்தப் பாடத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார். புத்தகத்தைக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வரிக்கு வரி விரல் வைத்து, உதடு அசையப் படித்தார். தாமும் ஐந்தாவது வரைதான் என்று பிறகு சொன்னார். தண்ணீர்ப் பாடத்தோடு நிற்கவில்லை. முதல் பக்கத்துக்குப் போய் மண் வகை, காற்று, பருவமழை என்று ஒரு மணி நேரம் படித்துக்கொண்டே இருந்தார். நான் மற்ற பிள்ளைகளுக்குத் தசமக் கணக்கைப் போட்டுவிட்டு ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன். கோபம் எந்தப் பக்கத்தில் வரும் என்று காத்திருந்தேன்.

“எழுதியிருக்கறது சரிதானுங்க. படந்தான் தப்பா இருக்குது” என்றார்.

புத்தகத்தில் பூமிக்கு அடியில் நீல நிறத்தில் ஒரு பட்டை, ஆறு ஓடுவது போல வரைந்திருக்கும். நம் பக்கத்தில் அப்படிக் கிடையாது என்றார். மேலே செம்மண், அதன் கீழே உதிர்ந்த கல், அதற்கும் கீழே முழுப் பாறை. பாறைக்கு நடுவே விரல் நுழையும் வெடிப்பு எங்காவது இருக்கும். தண்ணீர் அதற்குள்தான். அந்த வெடிப்பு சிக்கினால் தண்ணீர், சிக்காவிட்டால் பாறைத் தூள் பறக்கும் வெறும் புகை. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பியிருந்தார்கள். நானும்தான். பத்து வருடமாக அந்த நீலப் பட்டையைக் காட்டித்தான் நான் பாடம் நடத்தியிருந்தேன்.

என் வீட்டு ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி என்று கேட்டார். போன கோடையில்தான் போட்டோம், எண்ணூற்று ஐம்பது என்றேன். சொல்லும்போதே பேராசை என்று வகுப்பில் நான் சொன்ன சொல் என் நாக்கில் கசந்தது. அவர் அதைக் குத்திக் காட்டக் கேட்கவில்லை. எத்தனையாவது அடியில் பாறை வந்தது, வெளியே வந்த தூள் என்ன நிறம் என்று ஆவலோடு அடுத்தடுத்துக் கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தன் வீட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவர் பார்க்காமல் இருப்பாரா என்பதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு பிள்ளைகள் கேட்கத் தொடங்கினார்கள். முன்பு எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று ஒருத்தன் கேட்டான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முந்நூறு அடி போட்டாலே போதும், இப்போது ஆயிரத்தைத் தாண்டியும் புகை வருகிறது என்றார். அப்போதுதான் அவருடைய மகள் எழுந்து நின்றாள்.

“அப்ப நீங்க போடறது தப்புங்களாப்பா?”

நான் குறுக்கே பேசப் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் மேசையில் விரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியல சாமி. குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல போட்டு, தண்ணி பீச்சி அடிச்சப்ப பொம்பளைங்க அழுததப் பாத்திருக்கறன். ஒரே விவசாயி காட்டுல ஏழு ஓட்டை போட்டு ஏழும் புகையாப் போனதையும் பாத்திருக்கறன். நீ ரெண்டையும் எழுது. தெரிஞ்சத எழுதாம உடக்கூடாது.”

பாடத்தில் சொன்னதற்கு மேல் நான் சொன்னது தவறு என்று அன்று பிள்ளைகள் முன்னாலேயே ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்குப் பின்னால் வறண்டு கிடக்கும் பழைய அடிபம்பைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

வண்டி பழுதுபார்ப்பில் இருந்ததால் தை மாதம் முழுவதும் அவர் ஊரில்தான் இருந்தார். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, அந்தப் பழைய குழாயைச் சுற்றிக் குழி வெட்டினார். குழாயில் துளை போட்டு வலை சுற்றி, கீழே பெரிய கல், மேலே ஜல்லி, அதற்கும் மேலே மணல் போட்டு, கூரையின் மழைத் தண்ணீர் வடிந்து குழாய்க்குள் இறங்கும்படி பைப் இழுத்தார். அதற்கு முன் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கினோம். பிள்ளைகள் முடிச்சுகளை எண்ணினார்கள். கயிறு காய்ந்துதான் மேலே வந்தது.

அந்த வாரம் எனக்குப் பரப்பளவுப் பாடம். கூரையை அளந்தோம்: நீளம் பதினைந்து மீட்டர், அகலம் ஆறு. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். மூன்று குடம், ஐந்து குடம் என்றார்கள். கணக்குப் போட்டால் தொள்ளாயிரம் லிட்டர். வீட்டுக் குடத்தில் அறுபது குடம். ஒருவரும் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள், மறுபடியும் அதேதான். அவளுடைய அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சிமெண்டுச் சாக்கின் மேல் தனியாகப் போட்டுப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் தேடியவர், மேலிருந்து வருவதை அதுவரை அளந்ததில்லை. “இத்தனை லிட்டருங்களா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

மாசி பிறந்ததும் வண்டியோடு வடக்கே போய்விட்டார். சித்திரைக்கு முன்பே ஒரு பிற்பகல் கோடை மழை கொட்டியது. பிள்ளைகள் பாடத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழியைச் சுற்றி நனைந்துகொண்டு நின்றார்கள். தண்ணீர் தேங்காமல் மணலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. எங்கே போகிறது, எங்கே போகிறது என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ஆண்டிறுதித் தேர்வில் நிலத்தடி நீர்க் கேள்விக்கு டிரில்லரின் மகள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். அழுத பெண்களும் இருந்தார்கள், புகையாய்ப் போன ஏழு கிணறுகளும் இருந்தன. முழு மதிப்பெண் போட்டேன்.

அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு கயிற்றை மறுபடியும் இறக்கினோம். கடைசி நான்கு முடிச்சுகள் நனைந்து வந்தன. குழியால்தான் ஏறியது என்று ஒரு கூட்டம், அந்த வருடம் மழையே அதிகம் என்று ஒரு கூட்டம், மதிய உணவுவரை விவாதம். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறாம் வகுப்புக்குப் போயிருந்த அவள் மட்டும் தலைமையாசிரியரின் போனை வாங்கி அப்பாவை அழைத்து, நாலு முடிச்சு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் இன்றும் ரிக்கில்தான் இருக்கிறார், வேறு தொழில் தெரியாது. மகள் இப்போது நாமக்கல்லில் பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் பள்ளி மாறி, சேந்தமங்கலம் பக்கம் வந்துவிட்டேன். போன மாதம் வகுப்பில் இருக்கும்போது ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர்தான். பின்னால் ரிக்கின் கம்ப்ரசர் சத்தம் இல்லை, அதுவே எனக்கு வியப்பு. எங்கோ ராய்ப்பூரைத் தாண்டி ஒரு கிராமமாம். ஒரு விவசாயி மூன்று போட்டு மூன்றும் புகையாகி, நான்காவது போடச் சொல்கிறாராம். இவர் வண்டியை நிறுத்திவிட்டாராம். முதலாளி போனில் ஏசினாராம். அதைச் சொல்லிவிட்டு, அழைத்த காரியத்தைக் கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், கூரை நீளத்த அகலத்தால பெருக்கறது ஞாபகம் இருக்குதுங்க. லிட்டராக்கறதுக்கு அப்பறம் எதால பெருக்கோணும்?”

சதுர மீட்டரில் வந்ததைப் பத்தால் பெருக்குங்கள், ஒரு சென்டிமீட்டர் மழைக்கு அது என்றேன். அவர் போனை வைக்கவில்லை. பக்கத்தில் நின்ற அந்த விவசாயிக்குப் போலும், தம் உடைந்த இந்தியில் அதைச் சத்தமாகச் சொல்வது கேட்டது. அந்தப் பக்கத்துக் குரல் நம்பாமல் ஏதோ கேட்டது. இவர் மறுபடியும் முதலிலிருந்து, நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.