எந்த வீடியோவை முதலில் எடுப்பது?

விபத்தில் இறந்துபோன எங்கள் மகனின் வீடியோக்களைப் பார்க்க ஆசைப்பட்டு, அவனுடைய பழைய ஹார்டு டிஸ்க்கை மகளின் லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினோம். ஆன் செய்ததுமே லேப்டாப் ஹேங் ஆகி நின்றது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்கு நானும் மனைவியும் கொண்டுபோனோம். கடைக்காரத் தம்பி டிஸ்க்கைக் கழற்றினார், லேப்டாப் ஓடியது. மாட்டினார், நின்றது. பிறகு டிஸ்க்கை மட்டும் தன் கடை கம்ப்யூட்டரில் ஒயர் போட்டு இணைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“லேப்டாப்புல கோளாறு இல்லய்யா. டிஸ்க்குதான் போகப்போகுது. செத்த நேரந்தான் தாங்கும். எந்த வீடியோவ மொதல்ல எடுக்க?”

“அடுப்படியில என்னையக் கேலி பண்ணிப் பேசுவானே, அது...” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. பழனிக்குக் காவடி எடுத்தத எடுங்க தம்பி. சாமி காரியம்” என்றேன்.

அது முழுதாக வந்தது. அடுத்ததைத் தொட்டதும் டிஸ்க் நின்றது. அவர் எவ்வளவோ பார்த்தும் பிறகு அது எழவேயில்லை.

காவடி வீடியோ முழுக்க மேளச் சத்தம். நடுவில் எங்களைப் பார்த்து அவன் ஏதோ சொல்கிறான், கேட்கவில்லை.

முருகா, அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று விளக்கேற்றும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது. அவள் என்னைத் திட்டவில்லை. அவன் வாயசைக்கும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, “இதுல என்னங்க சொல்றான்?” என்று மட்டும் கேட்கிறாள்.