இடக்கையால் அடித்த போட்டி

கல்யாணமாகி அதியமான்கோட்டைக்கு வந்த மறுநாள், வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் நடுவே நீளமாக ஒரு செம்புக் கம்பி கட்டியிருப்பதைப் பார்த்து, ஈரப் புடவையை எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அதுல போடாத புள்ள. அது உம் புருசன் பேசற கம்பி."

என் கணவருக்குத் தர்மபுரி ஹைஸ்கூலில் விஞ்ஞான வாத்தியார் வேலை. சைக்கிளில் போய் வருவார். வந்ததும் பலகாரம்கூடச் சாப்பிடாமல் பின்கட்டு அறைக்குள் போய்விடுவார். அங்கே மரப்பலகையில் வால்வுகளைப் பொருத்தித் தானே செய்த ரேடியோ இருந்தது. கேட்பதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று. அனுப்புவதற்கு சர்க்கார் லைசென்ஸும், பேருக்குப் பதிலாகச் சொல்லிக்கொள்ள ஒரு அடையாள எழுத்தும் கொடுத்திருந்தது. பேச்சை அனுப்பும் சக்தி அந்தச் செட்டுக்கு இல்லை. தந்தி ஆபீசில் அடிப்பதுபோல ஒரு பித்தளைக் கட்டையைத் தட்டி, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்புவார். எங்கிருந்தோ யாரோ அதேபோலத் தட்டிப் பதில் சொல்வார்கள்.

எனக்கு அது புதிதல்ல. என் அப்பா மொரப்பூர் ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர். ஸ்டேஷனை ஒட்டியே குவார்ட்டர்ஸ். தந்திக் கருவி 'டக்கு டக்கு' என்று தட்டுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே அதையும் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். பெண் பார்க்க வந்தபோது அம்மா இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். பெண்ணுக்குத் தந்தி தெரியும் என்றால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

ரேடியோவில் அந்த ஓசை தட்டலாக இல்லை. மெல்லிய விசிலாக வந்தது. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காதில் மாட்டும் கருவியை அவர் சில நாள் ஒரு பித்தளைச் சொம்புக்குள் போட்டுவிடுவார். சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அப்படிக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, விசில் திடீரென்று வார்த்தையாகிவிட்டது.

உள்ளே அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு முணுமுணுத்தார். "என்னா சொன்னான்... கடைசி வார்த்த போச்சே."

நான் என்னையும் அறியாமல் குரல் கொடுத்தேன். "மழையில கம்பி அறுந்துபோச்சாங்க. நாளைக்கி வரேங்கறாரு."

அவர் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். என் கை நிறைய மாவு. திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்களே."

அன்றிலிருந்து சொம்புக்கு வேலை போய்விட்டது. காதுக் கருவியின் இரண்டு பக்கத்தையும் பிரித்து, ஒன்றை அவர் காதிலும் ஒன்றை என் காதிலும் வைத்துக்கொள்வோம். அவர் அடிப்பார். நான் எழுதுவேன்.

முப்பத்தொன்பதாம் வருஷம், பொங்கல் கழிந்து கேழ்வரகு அறுவடையும் முடிந்திருந்த சமயம், எங்களைப்போல ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தார்கள். இந்தியா, பர்மா, இலங்கை மூன்று தேசத்துக்காரர்களும் கலந்துகொள்ளலாம். சனி, ஞாயிறு இரண்டு நாள். எத்தனை பேரோடு தொடர்பு கிடைக்கிறதோ அத்தனை மார்க். ஒவ்வொருவரும் தங்களுக்கு இது எத்தனையாவது தொடர்பு என்ற வரிசை எண்ணைச் சொல்ல வேண்டும். மற்றவர் அதைத் தப்பில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு எண் மாறினாலும் இரண்டு பேருக்கும் மார்க் கிடையாது.

சனிக்கிழமை எங்களுக்கு நன்றாகவே போனது. அவர் கை அடித்தால் அச்சடித்த மாதிரி இருக்கும். பெங்களூர், பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. மத்தியானம் பாட்டரி தளர்ந்துவிட்டது. ஊருக்கு அப்போது கரண்ட் இல்லை. தர்மபுரியில் ஒரு பஸ் ஷெட்டில் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார்கள். சைக்கிளில் கட்டி எடுத்துப்போய், இருட்டும் நேரத்தில் வேறொன்றை மாற்றிக்கொண்டு வந்தார். அன்றையப் போட்டி நேரம் முடிந்துவிட்டதால் மாட்டுக் கொட்டகை ஓரமாக இறக்கி வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

ஞாயிறு காலையில் அந்தச் சாக்கை எடுக்கப் போனவர், "ஆ!" என்று கத்தினார்.

கருந்தேள். வலக்கை ஆள்காட்டி விரலில் கொட்டிவிட்டது.

மாமியார் மணிக்கட்டுக்கு மேலே துணியைக் கட்டினார். வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தார். சுண்ணாம்பு வைத்தார். வலி கை வழியாக ஏறி அக்குளில் நெறி கட்டியது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நான் விசிறிக்கொண்டே இருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து வைத்தியர் வந்து பார்த்து, ஏதோ பச்சிலையை அரைத்துக் கட்டிவிட்டு, உயிருக்கு ஒன்றும் இல்லை, சாயங்காலம் வரைக்கும் கடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னிக்கி அந்தப் பொட்டிகிட்ட போனீன்னா பாத்துக்க," என்றார் மாமியார். "கம்முனு படு."

அவர் படுக்கவில்லை. பின்கட்டு அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். கை பூரி மாதிரி வீங்கியிருந்தது. விரலை மடக்க முடியவில்லை. நான் பாட்டரியை இணைத்து, காதில் வைத்துக் கேட்டேன். ஒரே கூட்டம். ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, நான் அடிக்கட்டுங்களா?"

அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"உங்க அடையாள எழுத்தைப் போட்டே அடிக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

"யாருக்கும் தெரியாது. நீ நல்லாவும் அடிப்ப," என்றார் மெதுவாக. "ஆனா லைசென்ஸ் எம்பேருலதான இருக்குது? அந்தப் பக்கம் கேக்கறவன் நாந்தான்னு நம்பித்தான எழுதிக்கறான்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்று முழுக்க உட்கார்ந்து எழுதியது நான். பாதி எண்களை அவருக்கு முன்னால் பிடித்தது நான். "அப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று காதுக் கருவியை வைத்துவிட்டு எழுந்து போனேன். உரலில் போட்டிருந்த உளுந்தை வேண்டுமென்றே சத்தமாக ஆட்டினேன்.

சிறிது நேரம் கழித்துப் பின்கட்டிலிருந்து கட்டையின் சத்தம் கேட்டது. இடக்கையால் அடிக்கிறார்! கேட்கச் சகிக்கவில்லை. புள்ளி எல்லாம் கோடாக நீண்டது. கோடு எல்லாம் நடுவில் முறிந்தது. தன் சொந்த அடையாள எழுத்தையே மூன்று முறை தப்பாக அடித்தார். உரலில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபத்தை எங்கே போய்த் தேடுவது? கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அவர் காதுக் கருவியின் ஒரு பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

முதலில் கூப்பிட்ட இரண்டு பேர் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். போட்டி நேரத்தில் இப்படித் தடுமாறுகிறவனோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? மூன்றாவதாக ஒரு கொழும்புக்காரர் வந்தார். சனிக்கிழமையே எங்களுக்குக் கிடைத்தவர். பல வருஷமாக இவரோடு பேசுகிறவர். ஒருவர் கையெழுத்தைப் போலவே கை அடியையும் பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே ஆளுக்கு இரண்டாம் தடவை மார்க் கிடையாது என்று தெரிந்தும் கூப்பிட்டார்.

"உங்கள் செட்டில் வேறு யாரோ இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

"நாந்தான். இடக்கை" என்று அடித்தார் இவர்.

"ஏன்?"

தேள் தமிழில் இரண்டே எழுத்து. இங்கிலீஷில் எட்டு. இடக்கையால் அந்த எட்டையும் அடித்து முடிப்பதற்குள் அவருக்கு மறுபடி வியர்த்துவிட்டது. அந்தப் பக்கம் புரியவில்லை. திரும்ப அடிக்கச் சொன்னார். இவர் மறுபடி அடித்தார். மறுபடியும் புரியவில்லை. மூன்றாம் தடவைதான் புரிந்தது. பிறகு வேகமாக ஓசை வந்தது. நான் சத்தமாகப் படித்தேன்: "அடப் பாவமே! படுத்துக்கொள்ளக் கூடாதா?"

அவருக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

கொழும்புக்காரர் அதோடு விடவில்லை. தனக்குக் கிடைத்தவர்களிடமெல்லாம் சொன்னார் போலிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் நிதானமாக அடித்தார்கள். எங்கள் எண் தெளிவாக விழும்வரை காத்திருந்தார்கள். ரங்கூனிலிருந்து ஒருவர், கை எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் எண்ணையே சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

மாமியார் கஞ்சித் தண்ணீரோடு உள்ளே வந்தார். மகன் இடக்கையால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து முறைத்தார்.

"கொழும்புல இருக்கறவரு, ரங்கூன்ல இருக்கறவரு எல்லாம் இவரு கைய விசாரிக்கறாங்க அத்தே," என்றேன்.

"அவியளுக்கு எப்பிடித் தெரியும்?"

"இவருதாஞ் சொன்னாருங்க."

"நானும் காலையில இருந்து எப்பிடிடா இருக்குது, எப்பிடிடா இருக்குதுன்னு கேக்கறேன். வாயத் தொறக்கல. ரங்கூனுக்குச் சொல்றானா?" என்றார். ஆனால் போகவில்லை. கதவோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓசை வரும்போதும் "இது எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொழுது இறங்கும் நேரத்தில் போட்டி முடிந்தது. அவர் கை வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது.

வைகாசியில் முடிவு தபாலில் வந்தது. பட்டியலில் பாதிக்கும் கீழே இருந்தோம். சனிக்கிழமை மட்டும் பார்த்தால் மேலே வந்திருப்போம். "பரவால்ல, ஞாயித்துக்கெழம எழுதினதுல ஒண்ணுகூடத் தப்பில்ல," என்றார் அவர். நான் மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

புரட்டாசிக்குள் போர் வந்துவிட்டது. தனியார் யாரும் ரேடியோவில் எதையும் அனுப்பக் கூடாது என்று உத்தரவு. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளோடு வந்து, மரியாதையாகத்தான், அனுப்பும் செட்டை எடுத்துக்கொண்டு போனார். போர் முடியும்வரை வெறும் கேட்பதுதான். ராத்திரிச் செய்தி கேட்கத் தெருவே வந்து உட்காரும். அவர் அதில் அவ்வளவு ஈடுபாடு காட்டவில்லை. பள்ளிக்கூடப் பேப்பர் திருத்துவார்.

போர் முடிந்து லைசென்ஸ் மறுபடி கொடுக்க ஆரம்பித்தபோது, ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"லைசென்ஸ் பாரம் ரெண்டு வாங்கியாந்தேன்," என்றார்.

லைசென்ஸுக்கான பரீட்சை மதராஸில். தர்மபுரிக்கு வந்துகொண்டிருந்த குட்டி ரயிலின் தண்டவாளத்தைப் போர்க்காலத்தில் பிடுங்கிவிட்டதால், மொரப்பூர் வரை பஸ்ஸில் போய் ரயில் ஏறினோம். பரீட்சை அறையில் நான் ஒருத்திதான் பெண். எழுத்துப் பரீட்சையில் கரண்ட் பற்றிய கேள்விகளில் திணறினேன். இரண்டாம் முறைதான் தேறினேன்.

அடுத்த போட்டிக்கு வீட்டில் போலீஸ் திருப்பிக் கொடுத்த ஒரே செட், இரண்டு லைசென்ஸ். யார் உட்காருவது என்று பேச்சு வந்து, அவர் சனிக்கிழமையை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்னுடையது. அன்று பார்த்து வானம் மூடிக்கொண்டு ஒரே இரைச்சல். நிறையப் பேர் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் ஒரு பெங்களூர்க்காரர், என் அடையாள எழுத்து புதிதாக இருக்கிறதே, எந்த ஊர் என்று கேட்டார். தர்மபுரி என்று அடித்தேன். அந்த ஊரில் எனக்கு இன்னொருவரைத் தெரியும், நன்றாக அடிப்பார் என்றார்.

எனக்கும் தெரியும் என்று பதில் அடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "எண்ணைச் சொல்லு, எண்ணைச் சொல்லு, ஆளு போயிடப் போறான்," என்றார்.