துண்டுக்குள் மூன்று விரல்

மாட்டைப் பார்க்கப் போனால் என் தாய்மாமனுக்கு அரை மணி நேரம் போதும். பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார், முடிந்தது. அதே மனிதருக்கு மூன்று கல்லூரிப் பையன்களைப் பார்க்க ஒன்றரை மாதம் ஆனது. அந்த ஒன்றரை மாதமும் எங்கள் வீடு பட்ட பாட்டை இந்த வயதில் நினைத்தாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்து வயது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னை ஆடு மேய்க்க விட்டிருந்தார்கள். படிப்பு இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண் இருந்தது. மந்தையில் எந்த ஆடு நொண்டப் போகிறது, எது இரண்டு நாளில் படுத்துவிடும் என்பதைப் பெரியவர்களுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், சொன்னால் என்ன.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மாட்டுத் தரகு பார்த்தார். இளவயதில் கபடி ஆடி இடது முழங்கால் போய்விட்டது. அந்தக் காலை மடக்காமல், படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் அதையே முதலில் விட்டு இறங்குவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் அப்படித்தான் என்பதால் அது அவருடைய நடை என்றே நினைத்திருந்தேன். ஆட்டம் நின்றாலும் ஆட்டத்தைப் பார்க்கும் கண் நிற்கவில்லை. திருச்சுழி, பரளச்சி, வீரசோழன் என்று எந்த ஊரில் கபடி நடந்தாலும் அவரைக் கூப்பிட ஆள் வரும்.

மதுரைப் பக்கத்து நூல் மில் ஒன்றில் கபடி டீம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு கல்லூரிப் பையனைத் தேர்ந்தெடுத்து மில்லிலேயே வேலையும் கொடுப்பார்கள். இரண்டு வருஷம் போனால் பெர்மனெண்ட். அந்த வருஷம் டீமைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் எங்கள் வீடு தேடி வந்தார். பாடிப் போகிறவர்கள் அவரிடம் போதுமான அளவு இருந்தார்கள். பாடவும் வேண்டும், மூலையில் நின்று பிடிக்கவும் வேண்டும், அப்படி ஓர் ஆள் வேண்டும் என்றார். அருப்புக்கோட்டைக் கல்லூரியில் மூன்று பேரைச் சொல்கிறார்கள், நீங்கள் பார்த்து வையுங்கள், தைக்கு முன்னால் ஓர் ஆட்டம் வைத்து முடிவு பண்ணிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாடிப் போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வருகிறவனுக்கு விசில் பறக்கும். மூலையில் நின்று அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மற்ற ஆட்கள் வந்து விழும்வரை முகத்தில் உதை வாங்குகிறவனை எவனும் பார்ப்பதில்லை. இரண்டையும் செய்கிற ஆளைக் கண்டுபிடிப்பது லேசில்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக ஒன்றரை மாதமா?

மாமா போகிற இடமெல்லாம் என்னையும் அனுப்பினாள் அம்மா. தனியே விட்டால் சீட்டாட உட்கார்ந்துவிடுவார் என்று என்னைக் காவலுக்கு வைத்தாள். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் போனேன். காவல் காத்து நான் களைத்துப்போனதுதான் மிச்சம்.

பந்தல்குடி அண்ணன் ஒருவர். பனை மாதிரி உயரம். ரோட்டோரத்தில் அவருடைய அண்ணன் டீக்கடை வைத்திருந்ததால் அவர் பாடிப் போனால் விசிலடிக்க லாரிக்காரர்களே ஒரு கூட்டம் வரும். வீரசோழன் அண்ணன் இரண்டாவது. வியாபாரக் குடும்பம், பிடித்தால் இரும்புப் பிடி, ஆனால் பாடப் போனால் பாதியில் மூச்சு வாங்கும். மூன்றாவது பரளச்சி அண்ணன். குட்டை, அகலமான தோள். வீட்டில் கரிமூட்டம் போடுகிறவர்கள். லீவு நாளில் அவரும் கருவேலங்கட்டை வெட்டி அடுக்குவதால் நகக்கண்ணில் எப்போதும் கரி இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் மூலையில் நின்றால் எதிராளி அந்தப் பக்கமே வரமாட்டான். வேறு வழியில்லாத நேரத்தில் பாடப் போனால் ஒரு பாயிண்டாவது எடுக்காமல் திரும்பமாட்டார்.

ஒரே ஆட்டம் பார்த்தேன், எனக்குத் தெரிந்துவிட்டது, பரளச்சி அண்ணன்தான் என்று. மாமாவிடம் சொன்னேன். பாப்போம் என்றார். அடுத்த ஆட்டம் முடிந்ததும் பாப்போம். அம்மா கேட்டாலும் பாப்போம். மூன்று ஊரிலிருந்தும் ஆள் மாற்றி ஆள் வந்து வாசலில் நின்று கேட்டாலும் பாப்போம். அவர்களுக்குக் காப்பி போட்டே எங்கள் வீட்டுக் கருப்பட்டி தீர்ந்தது.

ஆட்டத்தைப் பார்த்தால் போதாதாம். ஓடுகிற பஸ்ஸில் எந்தக் காலை முதலில் வைத்து ஏறுகிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தார். கழற்றிப் போட்ட செருப்பைத் தூக்கி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தார். செருப்புக்குச் சொந்தக்காரர் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார் என்று எனக்குத்தான் மானம் போனது. கடைசியில் ஒவ்வொருவரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். “ஏன்டா, நீ கபடிக்கு ஆளு எடுக்கியா, இல்ல எனக்கு மாப்பிள்ளை பாக்கியா?”

மாமா கோழிக்கூண்டைத் திறக்கப் போனார். கோழியும் அடித்தாயிற்று.

பந்தல்குடி அண்ணன் வந்தார். தரையில் இலை போட்டாயிற்று. பாதிச் சாப்பாட்டில், தம்பி அந்தச் சொம்பை எடுங்க என்றார் மாமா. எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த விசிறியை எடுங்க என்றார். ஒரு மனிதன் நிம்மதியாக ஒரு கவளம் சாப்பிட முடியவில்லை. வீரசோழன் அண்ணன் வந்த அன்றைக்கு முட்டைக்குழம்பு. அவருக்கும் அதே சொம்பு, அதே விசிறி. பரளச்சி அண்ணன் வந்தபோது மட்டும் மாமா உள்ளேபோய், எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். அவர் சங்கடப்பட்டுத் தரையில் உட்காரப் போனார். மாமா தோளை அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தார். சொம்பை எடுக்கச் சொல்லவில்லை, விசிறி கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவரைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார். வெளியே வந்தபோது மாமா கையில் தைல வாசம் அடித்தது.

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். “மத்த ரெண்டு பேரும் தரையில, இவன் மட்டும் கலெக்டரா?”

மாமா நாற்காலியை எடுத்து உள்ளே வைக்கப் போய்விட்டார்.

இங்கே துண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கையின் மேல் துண்டைப் போட்டு, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துச் சொல்லிக்கொள்வார்கள். மாட்டில் குறை இருந்தாலும் அப்படித்தான். மாமா குறையை மறைத்து ஒரு மாட்டைக்கூட விற்றவர் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் சொல்லவும் மாட்டார். துண்டுக்குள் ஒரு விரலை மடக்கிக் காட்டிவிடுவார். வாங்குகிறவனுக்குத் தெரிந்தால் போதும், வளர்த்தவனுக்குச் சபையில் தலைகுனிவு எதற்கு என்பார். எனக்கு இது நன்றாகத் தெரியும். எத்தனையோ சந்தைக்கு அவரோடு போயிருக்கிறேன்.

மார்கழிக் கடைசியில் திருச்சுழிக்கு வெளியே ஒரு பொட்டலில் ஆட்டம் வைத்தார்கள். மேனேஜர் வந்தார். மூன்று ஊர்க்காரர்களும் சுற்றி நின்றார்கள். யார் பெயரைச் சொன்னாலும் மற்ற இரண்டு ஊரும் சண்டைக்கு வரும் என்பதால், துண்டுக்குள் விரலால் சொல்வதாக மாமா ஏற்பாடு செய்திருந்தார். பந்தல்குடிக்கு ஒரு விரல், வீரசோழனுக்கு இரண்டு, பரளச்சிக்கு மூன்று. மேனேஜரும் மாடு கட்டி உழுத சம்சாரி வீட்டுப் பிள்ளை, சிரித்துக்கொண்டே சம்மதித்திருந்தார். இந்தக் கணக்கு அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

முதல் பாதியில் பரளச்சி அண்ணன் ஆடிய ஆட்டத்தை என்ன சொல்ல. பந்தல்குடி அண்ணனை, அந்தப் பனைமரத்தை, இரண்டு தடவை கணுக்காலில் பிடித்து மல்லாத்தினார். பாடப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தார். மேனேஜரே கை தட்டினார். இரண்டாவது பாதி தொடங்கும்போது மாமா போய், இவன் உட்காரட்டும், பார்த்தது போதும் என்று சொல்லி அவரை வெளியே எடுத்துவிட்டார். ஒன்றரை மாதமாக ‘பாப்போம் பாப்போம்’ என்ற மனிதருக்கு இப்போது பார்த்தது போதுமாம்.

ஆட்டம் முடிந்தது. பரளச்சி அண்ணன் கைகால் கழுவப் பக்கத்து ஊருணிக்குப் போனார். எனக்கும் தாகம், பின்னாலேயே போனேன். தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு படி இறங்கினார். பக்கவாட்டில் திரும்பி, இடது காலை மடக்காமல் முதலில் விட்டு, வலது காலை அதனோடு சேர்த்து, ஒரு படி. மறுபடியும் அதே மாதிரி ஒரு படி. எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இத்தனை பேர் பார்த்தும், செருப்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தும் மாமாவுக்கே தெரியாதது எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினேன்.

பொட்டலின் நடுவில் மாமாவும் மேனேஜரும் நின்றார்கள். கைகளின் மேல் துண்டு போட்டிருந்தது. சுற்றிலும் மூன்று ஊர்க்காரர்களும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு போய் நின்று சத்தமாகச் சொன்னேன்.

“மாமா, பரளச்சி அண்ணனுக்கும் ஒங்களை மாதிரியே எடது முட்டு போயிருச்சு. படியில பக்கவாட்டுலதான் எறங்குது.”

மாட்டுக்குத்தான் அந்தத் துண்டு மரியாதை என்று நினைத்தேனோ என்னவோ.

மேனேஜர் சட்டென்று கையை எடுத்தார். துண்டு நழுவியது. மாமாவின் கை நீட்டியபடியே இருந்தது, மூன்று விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன. அதற்குள் பரளச்சி அண்ணனும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“தம்பி, குத்தவச்சு எந்திரிங்க, பாப்போம்,” என்றார் மேனேஜர். குரலில் கோபமில்லை.

பரளச்சி அண்ணன் மாமாவைப் பார்த்தார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது கையைத் தரையில் ஊன்றிவிட்டார். அவ்வளவுதான். பந்தல்குடிக்காரர்கள் விசிலடிக்கத் தொடங்கினார்கள். பரளச்சி அண்ணன் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுத் தன் சட்டையைத் தேடிப் போனார்.

மில் வேலை பந்தல்குடி அண்ணனுக்குப் போனது. மூன்றாம் வருஷமே அவருக்குத் தோள்பட்டை விலகி ஆட்டம் நின்றுவிட்டது. வேலை நிற்கவில்லை. முடி நரைத்து ரிட்டயர் ஆகும்வரை அதே மில்லில் இருந்தார். பரளச்சி அண்ணனைப் பிறகு பல தடவை பந்தல்குடி ரோட்டில் பார்த்திருக்கிறேன். கரி லோடு ஏற்றும் லாரியில் பக்கவாட்டில் திரும்பித்தான் ஏறுவார். என்னை அவருக்கு அடையாளம் தெரியாது. தெரியாதது நல்லது.

மாமா அவரை நாற்காலியில் உட்காரவைத்த அன்றைக்கே முழங்காலை அமுக்கிப் பார்த்திருக்கிறார். அதற்கு முன்பே செருப்பில் கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு வருஷம் தாங்கினால் போதும், அதற்குள் வேலை நிரந்தரமாகிவிடும் என்று அம்மாவிடம் மட்டும் பிற்பாடு சொன்னாராம். வாழ்நாளில் அந்த ஒரு குறையைத்தான் மறைக்கப் பார்த்தார். மறைப்போமா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் அந்த ஒன்றரை மாதம். இதையெல்லாம் அம்மா என்னிடம் சொன்னபோது எனக்கே இரண்டு பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முன்கூட்டியே என்னிடம் சொல்லி வைத்திருக்கக் கூடாதா அந்த மனிதர் என்றும் இருந்தது.

அன்றைக்கு எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. பஸ் ஏறுவதற்கு முன்னால் மாமா எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். என் கண்ணுக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கடித்தேன். ஊர் போய்ச் சேர்ந்ததும் யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்று வரிசை போட்டுக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மாமாவுக்கும் கொஞ்சம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வலது கையைத் துண்டுக்குள் வைத்து மடியில் போட்டிருந்தார், ஊர் வரும்வரை வெளியே எடுக்கவே இல்லை. மார்கழிக் காற்று குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, எழுந்து பஸ் ஜன்னலை இறக்கி மூடினேன்.