ஃபக்ருதீனின் ஈரலும் உருக்காலை வாசலும்

ஃபக்ருதீன் பழைய இரும்பு வியாபாரி. ஓசூர் சிப்காட் லேத் பட்டறைகளில் இரும்புச் சுருளையும் வெட்டுத் துண்டுகளையும் வாங்கி, ஊருக்கு வெளியே இருக்கும் ஓர் உருக்காலைக்குத் தன் லாரியிலேயே கொண்டுபோய் இறக்குவார். வயது ஐம்பத்து நான்கு. பீடி கிடையாது, குடி அறவே கிடையாது. அதனால் ஈரலில் புற்றுநோய் என்று பெங்களூர் டாக்டர் சொன்னபோது, பயத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது.

"ஹெபடைடிஸ் பி வைரஸ். பல வருஷமா உடம்புலயே இருந்திருக்கு, உங்களுக்குத் தெரியல. இதுக்கும் குடிக்கும் சம்பந்தமில்லை" என்றார் டாக்டர்.

"இதை யார்கிட்ட போயி வெளக்குறது? ஈரல்னு சொன்னாலே குடிகாரன்னு முடிவு கட்டிருவாங்க" என்றார் ஃபக்ருதீன், பஸ்ஸில் திரும்பும்போது மனைவி அதியாவிடம். யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

ஈரல் ஏற்கெனவே இறுகிப்போயிருந்ததால் கட்டிகளை வெட்டியெடுக்க முடியாது. டாக்டர் வேறு வழி சொன்னார். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஈரல் வரை செலுத்தி, கண்ணுக்கே தெரியாத கண்ணாடி மணிகளை லட்சக்கணக்கில் கட்டிக்குள் விடுவார்கள். ஒவ்வொரு மணியும் கதிர்வீச்சு கொண்டது. உள்ளேயே தங்கி, கட்டியை எரிக்கும்.

அதற்கும் அலைச்சல்தான். மணிகள் நுரையீரலுக்குக் கசியுமா என்று பார்க்க முதலில் ஒருநாள் ஒத்திகை. பிறகு சிகிச்சைக்கான தேதி. அன்று வெறும் வயிற்றோடு அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், மணிகள் வரவேண்டிய விமானம் வரவில்லை என்றார்கள். மூன்று நாளைக்குள் அவற்றின் வீரியம் பாதிக்குக் கீழே போய்விடுமாம். புதிதாக வரவழைக்க இன்னும் இரண்டு வாரம்.

"ஒரு லோடு சொன்ன நேரத்துக்கு வரலன்னா எங்களை எப்படித் திட்டுவாங்க தெரியுமா?" என்று வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் கத்திவிட்டு, வெளியே வந்து வருத்தப்பட்டார்.

ஒருவழியாகச் சிகிச்சை முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, உடம்பில் கதிர்வீச்சு மருந்து இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, எங்கே போனாலும் கையில் வைத்திருக்கச் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குக் கர்ப்பிணிகளிடமிருந்தும் குழந்தைகளிடமிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் தஸ்லிம் வீட்டுக்கு வருவதாகப் போன் செய்தபோது, "இப்ப வராதம்மா" என்று மட்டும் சொன்னார். காரணம் சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டே போனை வைத்தாள்.

ஏழாம் நாள் லாரியை எடுத்தார். கடிதத்தை பீரோவிலேயே விட்டுவிட்டார். அதில் புற்றுநோய் என்று எழுதியிருந்ததே.

உருக்காலை வாசலில் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் தூண்கள் நிற்கும். இரும்போடு கதிர்வீச்சுப் பொருள் ஏதாவது கலந்து வந்தால் அவை கண்டுபிடித்துவிடும். இத்தனை வருஷத்தில் அவர் லாரிக்கு ஒருமுறைகூட அலாரம் அடித்ததில்லை.

அன்று அடித்தது. காவலாளி நாராயணப்பன் கையைக் காட்டினார். "ரிவர்ஸ் எடுங்க பாய். இன்னொரு தரம் வாங்க."

இரண்டாம் முறையும் அடித்தது. அப்போதே ஃபக்ருதீனுக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார். பின்னால் பதினோரு லாரிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எல்லாம் தெரிந்த டிரைவர்கள். வாயை மூடிக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரி விஜயகுமார் கையில் மீட்டரோடு வந்தார். லாரியை மூலையில் ஒதுக்கி, ஒன்பது டன்னையும் இறக்கச் சொன்னார். உச்சி வெயிலில் கிரேன் காந்தத்தால் அள்ளி அள்ளிக் கொட்டியது. இரண்டு மணி நேரம். குவியல் முழுக்க மீட்டரைக் காட்டியும் ஒன்றுமில்லை. காலி லாரியைத் தூண்களுக்கு நடுவே ஓட்டச் சொன்னார். மறுபடியும் அலாரம்.

"அப்ப கேபின்லதான் இருக்குது. இறங்குங்க" என்று விஜயகுமார் கதவைத் திறந்தார். மீட்டர் ஃபக்ருதீனின் விலாவுக்கு நேராகக் கீச்சிட்டது. அவர் இறங்கித் தள்ளி நின்றதும் கேபினில் சத்தம் நின்றது.

"பாக்கெட்ல என்னா வச்சிருக்கீங்க?"

"பாக்கெட்ல இல்ல சார். ஈரல்ல இருக்குது. கேன்சரு. பெங்களூர்ல மருந்து விட்டிருக்காங்க."

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். நாராயணப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பாய், நீங்க தண்ணி போடுவீங்களா?"

"போடவே மாட்டேன்! எழுதி வேணா ஒட்டிக்கட்டுமா நெத்தியில?" ஃபக்ருதீன் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"முதல்லயே சொல்லியிருந்தா இத்தன பேரு பொழப்பு கெட்டிருக்காதே" என்றார் விஜயகுமார். ஃபக்ருதீன் போனை எடுத்து, கடிதத்தைக் கொண்டுவரச் சொல்லி அதியாவைக் கூப்பிட்டார்.

அதியா கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். "பீரோவுல வெக்கறதுக்கா குடுத்தாங்க இத? ஆம்பளைக்கி இவ்ளோ வெக்கமா?" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். கடிதத்தைப் படித்த விஜயகுமாரின் குரல் தணிந்தது. பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு வேறு டிரைவரை அனுப்புங்கள் என்றார்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊரெல்லாம் போய்விட்டது. கீழாநெல்லிக் கட்டு கொண்டுவந்தவர்கள் நான்கு பேர். "எத்தன வருஷமா பழக்கம்?" என்று கேட்டவர்கள் அதைவிட அதிகம். அந்த ஒரு மாதத்தில் வேறு டிரைவர் சரியாகக் கிடைக்காததால், உருக்காலை வாரத்துக்கு இரண்டு லோடை வேறு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டது. அந்த ஆர்டர் பிறகும் அவருக்குத் திரும்பி வரவில்லை.

தஸ்லிமுக்கும் செய்தி எட்டியது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்து, தெருவாசலிலேயே தள்ளி நின்றாள். "சொல்லியிருந்தா புரிஞ்சிக்க மாட்டனா அத்தா? எத்தன நாளு அழுதேன் தெரியுமா?"

"கோவத்துல யாருக்கும் சொல்லலம்மா. என்னா தப்பு பண்ணேன்னு எனக்கு இது வந்துச்சு?"

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் பெரிய கட்டி செத்துப்போயிருந்தது. சின்னது ஓரத்தில் இன்னும் உயிரோடு இருந்தது. இன்னொரு தடவை மணிகள் விட வேண்டியிருக்கலாம், ஆறு வாரம் பார்ப்போம் என்றார் டாக்டர்.

"ஆறு வாரமும் சும்மா உக்காந்திருக்கணுமா?"

"வேலை பாருங்க. வைரஸுக்குக் குடுத்த மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க."

ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று, கோவிந்தன் என்ற டிரைவருக்குப் போன் போட்டார். அடுத்த சிகிச்சை வந்தால் லாரி ஓட்ட வர முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று அவன் கேட்குமுன், நோயின் பெயரைச் சத்தமாகவே சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அதியா கையைப் பிடித்து இழுத்தார்.