நடை சாத்தாத ஏரி

காஞ்சிபுரத்தில் ஹாரன் அடிக்காமல் வண்டி ஓட்டுவதும் வாயைத் திறக்காமல் மீன் விற்பதும் ஒன்று. டேனியல் ஒரு வாரமாக அதைத்தான் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ரங்கசாமி குளத்தருகே ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள். ஒரு மாடு நகர மறுத்தது. பின்னால் வந்த கம்பெனி பஸ்காரன் இறங்கி வந்து, "இன்னா பெர்சு, தூங்கிட்டியா?" என்று கண்ணாடியைத் தட்டினான். நியூசிலாந்தில் யாரும் சும்மா ஹாரன் அடிக்க மாட்டார்களாம். கிளம்ப இன்னும் நாள் கிடக்கிறது, மனுஷனுக்கு இப்போதே இருப்புக் கொள்ளவில்லை.

மகள் கிரேஸ் அங்கே கிறைஸ்ட்சர்ச் நகரில் நர்ஸ். "வாடகைக்குக் கார் எடுக்கலாம்பா, நீயே ஓட்டு. ஒரு வாரம் மூணு பேரும் சுத்தலாம்" என்று சொல்லி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட்டையும் போட்டுவிட்டாள். அங்கேயும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான், வண்டி இடப்பக்கம்தான் போகும் என்று கேட்டதும் டேனியலுக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான பெர்மிட்டை ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கிக்கொண்டு வந்து, பைபிளுக்குள் வைத்தார்.

வாலாஜாபாத் பக்கம் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவரின் பிள்ளை டேனியல். மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறியவர், இப்போது தேவேந்திரன் டிராவல்ஸில் கோயில் டிரிப் ஓட்டுகிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள்தான். ஆனால் காமாட்சியம்மன் கோயில் நடை எப்போது சாத்துவார்கள், வரதராஜர் கோயிலில் எந்த நாளில் கூட்டம் நெரியும் என்பதையெல்லாம் குருக்களைக் கேட்பதைவிட அவரைக் கேட்கலாம். பார்ட்டியைக் கோபுர வாசலில் இறக்கிவிடுவதோடு அவர் வேலை முடிந்தது. அவர்கள் திரும்பும்வரை வண்டியிலேயே இருப்பார். கோயில் என்றால் அது நியாயம். மலைப் பிரதேசத்திலும் அப்படியேதான். ஊட்டிக்கு எத்தனையோ முறை போனவர். ஊட்டி எப்படி இருக்கும் என்று கேட்டால், பார்க்கிங் எங்கே இருக்கும் என்று சொல்லுவார்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு தேசத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? சாப்பிடும்போதும் செல்போனில் யாரோ பனிமலை ரோட்டில் ஓட்டிப் போகும் வீடியோ. வளைவு வந்தால் இவர் தோளும் கூடவே சாயும், சாம்பார் சட்டையில் கொட்டும். தினமும் ஒரு வழி சொல்லுவார், மறுநாள் அதை மாற்றுவார். அங்கன்வாடியில் சமைக்கிற மனைவி மேரி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு அலுத்து வந்தால், வீட்டில் இந்தப் பிள்ளை ஒரு வண்டி மட்டுமே போகிற பாலத்தில் யார் முதலில் போக வேண்டும் என்று பாடம் நடத்தும். அவளும் சலிக்காமல் கேட்டாள். ஆசை அவளுக்கும்தான்.

ஒருநாள் மூன்று பேரும் வீடியோ காலில் இருந்தபோது, டேனியல் கடைசித் திட்டத்தை அறிவித்தார்.

"விடியசொல்லோ கிளம்பிட்டா டெக்காப்போ ஏரிக்குக் காலையிலயே பூடலாம். பன்னெண்டுக்குள்ள பார்த்து முடிச்சிடணும். சாத்திட்டான்னா அப்பறம் நாலு மணிக்குத்தான். அதுவரிக்கும் எங்கனா மர நிழல்ல வண்டியப் போட்டுக்கினு இருக்கலாம்."

"அப்பா, அது ஏரிப்பா! ஏரிக்கு யாரு நடை சாத்துவா?" என்றாள் கிரேஸ்.

மேரி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. டேனியலும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பழக்கம் யாரை விட்டது?

"சரி, சாயங்காலம் நானும் அம்மாவும் கரையில நடக்கிறோம்னு வச்சிக்க. அப்ப நீ?" என்று கேட்டாள் கிரேஸ்.

"நானா? நான் வண்டில இருப்பேன்மா. புது ஊரு, வண்டிய வுட்டுட்டு எப்படி வர்றது?"

மேரியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்பனும் பொண்ணும் போய்ட்டு வாங்க. நான் வரல" என்றாள்.

"இன்னா மேரி, திடீர்னு?"

"முப்பது வருஷமா உன் பின்மண்டையத்தான்யா பார்த்துக்கினு வரேன். வேளாங்கண்ணிக்குப் போனோம். நான் மாதாவப் பார்த்தேன், நீ டயரப் பார்த்த. அதுக்கு அம்மாந்தூரம் எதுக்கு வரணும்? இங்கயே பார்த்துக்கிறேன்."

டேனியலுக்குச் சுருக்கென்றது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நியூசிலாந்து என்ற பேச்சே இல்லை. கிரேஸ் கேட்டதற்கும், "அம்மாகிட்ட பேசிக்கினு இருக்கேன்" என்று மழுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, அடுப்படி வாசலில் நின்று, "சரி, நானும் இறங்குறேன்" என்று சொல்லிப் பார்த்தார்.

"இறங்கி?" என்றாள் மேரி.

அந்த ஒரு சொல் அவர் கூடவே வந்தது. வண்டியைத் துடைக்கும்போதும் அதே நினைப்பு, டிரிப் போகும்போதும் அதே நினைப்பு. இறங்கி என்ன செய்வது? கையை எங்கே வைத்துக்கொள்வது? "நீ யாரு, உனக்கு இங்க இன்னா வேலை?" என்று இந்த உலகத்தில் அவரை யாரும் கேட்காத ஒரே இடம் அந்த டிரைவர் சீட்தான். அவருடைய அப்பாவை அப்படிக் கேட்காத இடமே கிடையாது. இறங்கிவிட்டால் கூட்டத்தில் தான் யார் என்று டேனியலுக்குப் பயமாக இருந்தது. அதை மேரியிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், முதலாளி தேவேந்திரனிடம் கெஞ்சி ஒரு காரை வாங்கிக்கொண்டு, "வா, வேடந்தாங்கல் போய்ட்டு வரலாம்" என்றார். மேரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் இறங்கி நடந்தாள். கூப்பிடவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. டேனியல் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பின், தண்ணீரில் குதிக்கிறவர் மாதிரி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் பின்னால் போனார். பாதி வழியில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஓடினார். பூட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து, இன்னொரு தரமும் ஓடினார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், ஓட்டின காலையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏரிக்கரை பெஞ்சில் மேரி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. அதில் நுனியில் உட்கார்ந்தார். எதிரே மரமெல்லாம் நாரை. ஒன்று குச்சியைக் கொண்டுவந்து கொடுக்க, இன்னொன்று அதை வாங்கிக் கூட்டில் செருகியது. டேனியலின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. மேரி வேர்க்கடலைப் பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். அதை உரிக்கிற நேரத்தில் கால் கொஞ்சம் மறந்தது. உரித்த கடலையைக் கொடுக்கத் திரும்பியவர், கையை நீட்டியபடியே இருந்துவிட்டார்.

"மேரி, உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது?"

"கிரேஸ் காலேஜ் போன வருஷம் ஆரம்பிச்சிது. நீ திருப்பதி டிரிப்ல இருந்த."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு பாதியில் உடைந்து, முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டேனியல் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இத நீயே வச்சிக்க. அங்க போனாலும் நீதான் வச்சிக்கணும்."

மேரி சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "நவந்து உக்காரு, வுழுந்துடப் போற" என்றாள்.